சிட்னி ஃபார்பர்

சிட்னி ஃபார்பர் (செப்டம்பர் 30, 1903 – மார்ச் 30, 1973) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை நோயியல் மருத்துவர் ஆவார். சிறுவர்களைத் தாக்கும் கடும் இரத்தப் புற்றுநோயை (லுகேமியா) மருந்தினால் தற்காலிகமாகவேனும் தணிக்க இயலும் என்பதை 1947–1948 ஆம் ஆண்டுகளில் நிறுவியவர் இவர். இதனால் புற்றுநோய்க்கான நவீன வேதிச்சிகிச்சையின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். பாஸ்டன் நகரிலுள்ள டானா–ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

புற்றணுக்களை அழிக்கும் மருந்து நலமான உயிரணுக்களையும் தாக்கும் என்பது ஃபார்பரின் முதல் ஆய்விலேயே வெளிப்பட்டது. நன்மைக்கும் தீங்குக்கும் இடையிலான இந்தக் கணக்கு, அவருக்குப் பின் வந்த ஆந்த்ராசைக்கிளின் வகை மருந்துகளின் வரலாற்றிலும் தொடர்ந்தது.

இளமையும் கல்வியும்

ஃபார்பர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோரின் 14 பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். தந்தை காப்புறுதித் தொழிலில் ஈடுபட்டிருந்தார். இவருடைய உடன்பிறந்தவர்களுள் ஒருவரான மார்வின் ஃபார்பர் பிற்காலத்தில் மெய்யியல் பேராசிரியராகப் புகழ்பெற்றார்.

1923 இல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் யூத மாணவர்களுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஃபார்பர் தம் மருத்துவக் கல்வியின் முதலாண்டைச் செருமனியின் ஐடெல்பர்க், ஃபிரைபர்க் பல்கலைக்கழகங்களில் பயின்றார். அங்குப் பெற்ற தேர்ச்சியின் துணையுடன் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவராகச் சேர்ந்து, 1927 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் பாஸ்டனில் நோயியல் பயிற்சி பெற்றார். கவிதை எழுதுவதில் ஈடுபாடு கொண்டிருந்த நார்மா ஹோல்ஸ்மன் இவருடைய மனைவி. இவர்களுக்கு நான்கு பிள்ளைகள்.

நோயியல் பணி

1929 இல் பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையின் முதல் முழுநேர நோயியல் மருத்துவராக ஃபார்பர் பொறுப்பேற்றார். பிணக்கூறாய்வும் திசு ஆய்வும் அவருடைய அன்றாடப் பணிகளாயின. பிணக்கூறாய்வு முறைகளைப் பற்றி இவர் எழுதிய நூல் 1937 இல் வெளிவந்தது. குழந்தைகளைத் தாக்கும் ஒரு பரம்பரை நோயில் கணையம் மட்டுமன்றி உடலெங்குமுள்ள சளிச் சுரப்பிகளும் பாதிக்கப்படுகின்றன எனக் கண்டு, அதற்கு மியூக்கோவிசிடோசிஸ் என்ற பெயரை இவர் சூட்டினார். இந்நோய் இன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. செராமிடேஸ் என்னும் நொதியின் குறைபாட்டால் ஏற்படும் அரிய பிறவி நோய் ஒன்றை 1952 இல் விளக்கினார். அது ஃபார்பர் நோய் எனப்படுகிறது.

நோயியல் மருத்துவர் என்ற முறையில் ஃபார்பர் குழந்தைகளைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த பின்னரே கண்டார். இரத்தப் புற்றுநோயால் இறந்த சிறுவர்களின் எலும்பு மச்சையை அவர் நுண்ணோக்கியின் கீழ் ஆய்ந்தார். முதிராத வெள்ளணுக்கள் அம்மச்சையை முழுவதும் நிறைத்திருந்தன. 1940களில் இந்நோய் உறுதிசெய்யப்பட்ட சிறுவர்கள் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். இரத்தம் ஏற்றுவதும் கிருமித் தொற்றுகளுக்கு மருந்து அளிப்பதும் தவிர மருத்துவர்களால் செய்யக்கூடியது வேறொன்றும் இருக்கவில்லை. கட்டியைப் போல இந்நோயை அறுத்து அகற்றவும் வழியில்லை. இரத்தத்தோடு உடலெங்கும் பரவியுள்ள நோய்க்கு இரத்தத்தோடு உடலெங்கும் செல்லும் மருந்தே தேவை என்ற முடிவுக்கு ஃபார்பர் வந்தார்.

ஃபோலிக் அமில ஆய்வு

ஃபார்பரின் ஆய்வுக்குப் பின்னணியாக அமைந்த செய்தி இந்தியாவிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் பம்பாயில் கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தச்சோகையை ஆய்ந்தார். ஈரல் அல்லது நொதிமச் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931 இல் அறிவித்தார். அச்சாற்றில் அடங்கியிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என அடையாளம் காணப்பட்டது. உயிரணுக்கள் பிளவுபட்டுப் பெருகும்போது புதிய டி.என்.ஏ.வை உருவாக்க இந்த உயிர்ச்சத்து இன்றியமையாதது.

1940களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னுமிடத்திலிருந்த லெடர்லி ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவ்வாய்வகத்தின் ஆராய்ச்சிப் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920களில் அமெரிக்கா சென்ற இவர், ஃபார்பருக்குத் தேவையான ஃபோலிக் அமிலச் சேர்மங்களை வழங்கினார்.

இரத்தச்சோகையில் மச்சையைச் சீராக்கும் உயிர்ச்சத்து இரத்தப் புற்றுநோயிலும் அதைச் சீராக்கக்கூடும் என ஃபார்பர் முதலில் எண்ணினார். ஆகவே ஃபோலிக் அமிலச் சேர்மங்களை நோயாளிகளுக்கு அளித்தார். விளைவு எதிர்மாறாக இருந்தது. இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்களின் மச்சையில் புற்றணுக்கள் முன்னைவிட விரைவாகப் பெருகியதாகத் தோன்றியது. மருத்துவமனையில் உடன் பணியாற்றிய மருத்துவர்கள் சிலர், எப்படியும் இறக்கவிருக்கும் குழந்தைகளை மேலும் துன்புறுத்தாமல் அமைதியாக விடுவதே அறம் எனக் கருதினர்.

ஃபார்பர் இத்தோல்வியிலிருந்தே அடுத்த கேள்வியை எழுப்பினார். ஃபோலிக் அமிலம் புற்றணுக்களைத் தூண்டுமானால், அதன் செயலைத் தடுக்கும் பொருள் அவற்றைப் பட்டினி போடக்கூடும் அல்லவா என்பதே அக்கேள்வி. சுப்பாராவின் ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் சிறு மாற்றங்கள் செய்து பல எதிர்ப்பொருட்களை உருவாக்கியது. அவற்றுள் ஆற்றல் மிக்கது அமினோப்டெரின்.

அமினோப்டெரினும் 1948 ஆம் ஆண்டு அறிக்கையும்

1947 இன் இறுதியில் ஃபார்பர் குழுவினர் சிறுவர்களுக்கு அமினோப்டெரின் அளிக்கத் தொடங்கினர். சில நாட்களிலேயே சிலருடைய வெள்ளணு எண்ணிக்கை குறைந்தது. வீங்கியிருந்த ஈரலும் மண்ணீரலும் சுருங்கின. படுக்கையிலிருந்த குழந்தைகளுள் சிலர் எழுந்து நடந்தனர்.

இம்முடிவுகளை ஃபார்பரும் லூயிஸ் டயமண்ட் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1948 சூன் 3 அன்று வெளியிட்டனர். மருந்து பெற்ற 16 சிறுவர்களுள் 10 பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. கட்டுரையின் தலைப்பிலேயே இத்தணிவுகள் தற்காலிகமானவை என்பது குறிக்கப்பட்டிருந்தது. மருந்து நச்சுத்தன்மை உடையது என்பதையும், நோய் குணமாகிவிட்டதாகக் கூற இடமில்லை என்பதையும் ஆசிரியர்கள் தெளிவுபடுத்தினர்.

அறிக்கை மருத்துவ உலகில் ஐயத்துடனேயே வரவேற்கப்பட்டது. தணிவுற்ற சிறுவர்களிடம் சில மாதங்களில் நோய் மீண்டும் தோன்றியது. இரண்டாம் முறை அதே மருந்து பலனளிக்கவில்லை. எனினும், நுண்ணோக்கியில் காணத்தக்க அளவுக்கு ஒரு மருந்து இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்தது என்பதை மறுக்க இயலவில்லை. இம்மருந்தை வழங்கிய சுப்பாராவ், அறிக்கை வெளியான இரண்டு மாதங்களுக்குப் பின் 1948 ஆகஸ்டில் தமது 53 ஆம் வயதில் காலமானார்.

பக்க விளைவுகள்

அமினோப்டெரின் புற்றணுவையும் நல்லணுவையும் வேறுபடுத்தி அறிவதில்லை. விரைவாகப் பிளவுபடும் எந்த உயிரணுவுக்கும் ஃபோலிக் அமிலம் தேவை. அதனால் புற்றணுக்களைப் போன்றே வேகமாகப் பெருகும் வாய், குடல் ஆகியவற்றின் உட்படலமும், இயல்பான மச்சையும் மருந்தினால் பாதிக்கப்பட்டன. ஃபார்பரின் நோயாளிகளிடம் வாய்ப்புண்களே முதலில் காணப்பட்டன. அளவு மிகும்போது குடற்புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்பட்டன. மச்சை ஒடுங்கியபோது புற்றணுக்களோடு தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களும், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் குறைந்தன.

எனவே மருத்துவர் நாள்தோறும் இரத்த எண்ணிக்கையையும் குழந்தையின் வாயையும் பார்த்து, மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என முடிவு செய்ய வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அமினோப்டெரினின் இடத்தை, அதனோடு மிக நெருங்கிய வேதியமைப்புக் கொண்டதும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதுமான மெத்தோட்ரெக்சேட் பிடித்துக்கொண்டது. அதன் நச்சுத்தன்மையை ஃபோலினிக் அமிலம் கொண்டு முறிக்கும் முறையும் பின்னர் வழக்கிற்கு வந்தது.

நோயை மட்டும் பார்க்கும் மருத்துவம் போதாது என்பதை ஃபார்பர் வலியுறுத்தினார். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், உணவு வல்லுநர், உளவியல் ஆலோசகர் ஆகியோர் ஒரே இடத்தில் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பதே அவர் வகுத்த முறை. இதனை அவர் முழுமைப் பராமரிப்பு என்று வழங்கினார். மருந்தின் துன்பத்தைத் தாங்கச் செய்வதும் மருத்துவத்தின் பகுதியே என்பது இதன் அடிப்படை.

ஜிம்மி நிதி

ஃபார்பரின் ஆய்வு மருத்துவமனையின் அடித்தளத்திலிருந்த சிறு ஆய்வகத்தில் தொடங்கியது. 1947 இல் நியூ இங்கிலாந்தின் திரையரங்குத் தொழில் சார்ந்த வெரைட்டி சங்கத்தின் உதவியுடன் சிறுவர் புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

1948 மே 22 அன்று ஃபார்பரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு சிறுவன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நாடு முழுவதும் ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசினான். அவனுடைய உண்மைப் பெயரை மறைத்து, ஜிம்மி என்ற பெயர் வழங்கப்பட்டது. பாஸ்டன் பிரேவ்ஸ் அடிபந்தாட்டக் குழுவினர் அவனைக் காண அறைக்குள் வந்தனர். அவன் ஆட்டத்தைக் காண ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்க நிதி தாருங்கள் என்று நேயர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 20,000 டாலர் திரட்டுவது நோக்கமாக இருந்தது. 2,31,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. இவ்வாறு ஜிம்மி நிதி உருவாயிற்று. 1952 இல் அந்நிதியால் கட்டப்பட்ட ஆய்வக, மருத்துவக் கட்டடம் திறக்கப்பட்டது. பிரேவ்ஸ் குழு 1953 இல் மில்வாக்கி நகருக்குச் சென்ற பின், பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு இந்நிதியை ஆதரித்து வருகிறது. வயிற்றில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஜிம்மி, பலரும் எண்ணியதற்கு மாறாகப் பிழைத்து வளர்ந்து, 2001 வரை வாழ்ந்தார்.

ஆக்டினோமைசின் டி

1950களின் நடுவில் ஃபார்பர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளிலிருந்து கிடைக்கும் மருந்துகளின் மீது கவனம் செலுத்தினார். ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்த செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஸ்ட்ரெப்டோமைசீஸ் இனத்திலிருந்து ஆக்டினோமைசின் என்னும் பொருள் 1940 இலேயே பிரிக்கப்பட்டிருந்தது. கிருமிகளைக் கொன்றபோதிலும், நச்சுத்தன்மை மிகுதியால் அது கிருமி எதிர்ப்பு மருந்தாகப் பயன்படவில்லை. அதே வகையைச் சார்ந்த ஆக்டினோமைசின் டி, சிறுவர்களின் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டிக்கு எதிராகச் செயற்படுவதை ஃபார்பர் குழு கண்டறிந்தது. அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு இம்மருந்தும் சேர்ந்தபோது, நுரையீரல் வரை பரவிய கட்டிகளும் சில சிறுவர்களிடம் மறைந்தன.

இங்கும் பக்க விளைவு பின்தொடர்ந்தது. ஆக்டினோமைசின் டி கதிர்வீச்சின் விளைவைத் தோலிலும் திசுக்களிலும் மிகுவிக்கிறது என்பதை ஜூலியோ டாஞ்சியோவும் ஃபார்பரும் 1959 இல் வெளியிட்டனர்.

பொதுப்பணியும் விருதுகளும்

ஃபார்பர் சிறந்த பேச்சாளர். கொடையாளரான மேரி லாஸ்கருடன் இணைந்து, புற்றுநோய் ஆய்வுக்கு அரசு நிதியை உயர்த்த வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரசில் பலமுறை வாதிட்டார். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1966 இல் லாஸ்கர் மருத்துவ ஆய்வு விருது பெற்றார். இம்முயற்சிகளின் பயனாக 1971 டிசம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அடிப்படை அறிவியல் போதுமான அளவு வளரும் முன்பே மருந்துகளைத் தேடுவது முறையா என்று அறிவியலாளர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நோயின் மூலத்தை அறியும் வரை இப்போது நோயுற்றிருக்கும் குழந்தைகள் காத்திருக்க இயலாது என்பதே ஃபார்பரின் நிலைப்பாடு.

ஆந்த்ராசைக்கிளின் மருந்துகள்

ஆக்டினோமைசினைத் தொடர்ந்து, ஸ்ட்ரெப்டோமைசீஸ் இனத்தில் வேறு புற்றுநோய் மருந்துகளைத் தேடும் முயற்சி ஐரோப்பாவில் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபார்மிட்டாலியா நிறுவனமும் பிரான்சின் ரோன்–புலெங்க் நிறுவனமும் தனித்தனியே ஒரே சிவப்பு நிறப் பொருளைப் பிரித்தெடுத்தன. அதுவே டானோரூபிசின். இத்தாலிய ஆய்வாளர்கள் அதன் நுண்ணுயிரியைக் காசுட்டல் டெல் மோன்டே கோட்டையருகே எடுத்த மண்ணில் கண்டனர். இதனோடு நெருங்கிய டாக்சோரூபிசின் 1960களின் இறுதியில் உருவானது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதற்கு ஏட்ரியாமைசின் என்ற வணிகப் பெயர் இடப்பட்டது. இவ்வகை மருந்துகள் ஆந்த்ராசைக்கிளின்கள் எனப்படுகின்றன.

இவை டி.என்.ஏ. இழைகளுக்கிடையே புகுந்து, டோப்போஐசோமரேஸ் 2 என்னும் நொதியின் பணியைத் தடுத்து, இழைகளை முறிவுற்ற நிலையில் விட்டுவிடுகின்றன. டானோரூபிசின் கடும் மைலாய்டு இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளுள் ஒன்றாயிற்று. டாக்சோரூபிசின் சிறுவர்களின் நிணவணு இரத்தப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது.

வாய்ப்புண், வாந்தி, முடி உதிர்தல், மச்சை ஒடுக்கம் ஆகியன பிற மருந்துகளைப் போலவே இவற்றிலும் உண்டு. மருந்தின் நிறத்தால் சிறுநீர் ஓரிரு நாட்கள் சிவக்கலாம். இது இரத்தம் அன்று, தீங்கும் அன்று. ஊசி செலுத்தும்போது மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் அங்குள்ள திசு அழியக்கூடும். யாவற்றிலும் கடுமையானது இதயத் தசைக்கு ஏற்படும் சேதமாகும். ஒருவர் வாழ்நாளில் பெற்ற மொத்த அளவு கூடக்கூட இத்தீங்கு மிகுகிறது. வளர்ந்தவர்களிடம் டாக்சோரூபிசின் மொத்த அளவு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 550 மில்லிகிராமைத் தாண்டும்போது இதயச் செயலிழப்பின் வாய்ப்பு விரைந்து உயர்கிறது என்பது 1970களில் அறியப்பட்டது. சிறுவர்களிடம் இதனினும் குறைந்த அளவே பாதிப்பை ஏற்படுத்தலாம்.

1970களில் ஃபார்பர் நிறுவிய மையத்தில் டாக்சோரூபிசினைக் கொண்ட திட்டங்களின் கீழ் இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்கள் பலர் குணமடைந்தனர். அவர்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் பரிசோதித்த ஸ்டீவன் லிப்ஷல்ட்ஸ் குழு 1991 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய் நீங்கி 1 முதல் 15 ஆண்டுகள் கடந்த 115 பேருள் 57 விழுக்காட்டினரிடம் இதயத்தின் இடது கீழறையில் இயல்புக்கு மாறான நிலை காணப்பட்டது. ஃபார்பரின் முதல் நோயாளிகளுக்குச் சில மாதங்களே கூடுதலாகக் கிட்டின. அவர்களிடம் இத்தகைய பின்விளைவு தோன்றக் காலமே இருக்கவில்லை. குழந்தைகள் பெரியவர்களாக வளரும் அளவுக்கு மருத்துவம் முன்னேறிய பிறகே இப்புதிய கேள்வி எழுந்தது.

இதன் விளைவாக மொத்த அளவுக்கு வரம்பு விதித்தல், எதிரொலி வரைபடத்தால் இதயத்தைத் தொடர்ந்து கண்காணித்தல், இதயத்தைக் காக்கும் டெக்ஸ்ராசாக்சேன் என்னும் மருந்தைச் சேர்த்தல் ஆகிய வழிகள் நடைமுறைக்கு வந்தன. டெக்ஸ்ராசாக்சேன் இதயத் தசைச் சேதத்தின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்று 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வாய்விலும் டானா–ஃபார்பர் நிறுவனத்தின் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்த சிறுவர்களே பங்குபெற்றனர்.

மறைவு

ஃபார்பர் 1973 மார்ச் 30 அன்று பாஸ்டனில் தமது அலுவலக அறையில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 69. அதற்கு முந்தைய ஆண்டில் பல மருந்துகளை ஒன்றிணைத்துத் தரும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான எமில் ஃபிரை அவருடைய நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அவரே ஃபார்பருக்குப் பின் அதன் தலைமையை ஏற்றார்.

நினைவும் தாக்கமும்

அறக்கட்டளைக்கு 1974 இல் சிட்னி ஃபார்பர் புற்றுநோய் மையம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கொடையளித்த சார்லஸ் டானா அறக்கட்டளையைச் சிறப்பிக்கும் வகையில் 1983 இல் அது டானா–ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் ஆயிற்று. ஃபார்பரிடம் பணியாற்றிய டொனால்ட் பிங்கெல், மெம்ஃபிஸ் நகரின் புனித ஜூட் மருத்துவமனையில் 1960களில் வகுத்த கூட்டுச் சிகிச்சைத் திட்டத்தால் சிறுவர் இரத்தப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேரை முழுமையாகக் குணப்படுத்த இயலும் எனக் காட்டினார். வசதி மிக்க நாடுகளில் இன்று நிணவணு வகை இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்களுள் பத்தில் ஒன்பது பேர் அளவில் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்கின்றனர்.

அமினோப்டெரின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இப்போது வழக்கில் இல்லை. ஆயினும் அதன் வழித்தோன்றலான மெத்தோட்ரெக்சேட் இந்நோய்க்கான சிகிச்சையில் இன்றும் இடம்பெறுகிறது. நோயிலிருந்து மீண்டவர்களின் இதயத்தையும் வளர்ச்சியையும் வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கும் தனி மருத்துவப் பிரிவுகள் பல மருத்துவமனைகளில் செயற்படுகின்றன. நோயாளியை முழுமையாகப் பராமரிக்க வேண்டும் என்று ஃபார்பர் வற்புறுத்திய கொள்கை, அவர் காலத்தில் எவரும் எதிர்பாராத இந்த நீண்ட வாழ்நாளுக்கும் பொருந்துவதாயிற்று.